மெயின்ஷீட் கிளீட் பிடித்தால் மட்டும் போதாது

மலேசியாவில் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகிற வழியில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற எங்கள் ஊரான சிலியாவில் படகுப் பட்டறை வைத்திருக்கிறேன். டிரெய்லரில் வருகிற சின்னப் பாய்ப்படகுகளில் நான் முதலில் கைவைப்பது மெயின்ஷீட் கிளீட்டில்தான். பாயின் அடி விளிம்பில் நீளும் கழி பூம், அதை இழுத்துப் பிடிக்கிற கயிறு மெயின்ஷீட், அந்தக் கயிற்றைக் கவ்வி நிறுத்துகிற பிடிப்பான்தான் கிளீட். காற்று திடீரென்று வலுத்தால் அந்தக் கயிற்றை விட வேண்டும், விட்டால் பாய் காற்றை இழந்து படகு நிமிரும், விட முடியாவிட்டால் கவிழும்.

ஆனால் கிளீட் பொருத்துகிற எல்லாரும் "நல்லா பிடிக்குதா" என்றுதான் இழுத்துப் பார்க்கிறார்கள். விடுகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

காற்றின் வேகம் 10 நாட்டிலிருந்து (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) 20 நாட் ஆனால் பாயில் விழுகிற விசை நான்கு மடங்காகும். மலாக்கா நீரிணையில் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் வருகிற சுமத்ரா சூறைக்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோதான் அடிக்கும். நம் ஆட்கள் படகை இறக்குவதும் காலையில்தானே.

கேம் கிளீட் என்கிற வகையில், கயிற்றைக் கவ்வும் பல்வைத்த இரண்டு சுழல் துண்டுகள், அதாவது கேம்கள், ஸ்பிரிங்கோடு எதிரெதிரே இருக்கும். பாரம் ஏற ஏற அவை இன்னும் இறுகும். அதனால் கயிற்றை முதலில் நம் பக்கம் கொஞ்சம் இழுத்து, உடனே மேலே சுண்டினால்தான் வரும். படகின் நடுவில் உட்கார்ந்து செய்தால் சுலபமாக வரும், ஆனால் காற்றில் யார் நடுவில் உட்காருகிறார்கள்? ஓரத்தில் ஏறி உடம்பை வெளியே சாய்த்ததும் கை தாழ்ந்துவிடும், கிளீட் உயரமாக இருந்தால் நாம் இழுக்க இழுக்கக் கயிறு பல்லுக்குள்ளேயே போய் உட்காரும்.

ஆகவே கிளீட்டின் அடியில் ஆப்பு வைத்தோ, கிளீட் உட்கார்ந்திருக்கிற சுழலும் தாங்கியின் நீட்டத்தைத் தாழ்த்தியோ, சாய்ந்தபடி இயல்பாகப் பிடிக்கும்போது கயிறு பற்களுக்கு மேலே ஓடும்படி வையுங்கள். கயிற்றைக் கிளீட்டில் மாட்ட வேண்டுமானால் உங்கள் கையைத் தாழ்த்தி அழுத்த வேண்டியிருக்கும். "ஒவ்வொரு தடவையும் குனியணுமே அண்ணே" என்றான் ஒரு தம்பி. குனியட்டும், பரவாயில்லை.

தரையிலேயே சோதிக்கலாம். டிரெய்லரை அசையாமல் கட்டி, ஒருவரை பூமின் நுனியை வெளிப்பக்கம் பலமாகத் தள்ளச் சொல்லுங்கள். நீங்கள் பாதங்களைப் படகுக்குள் இருக்கிற கால்வாருக்கு அடியில் மாட்டி, உடம்பை வெளியே சாய்த்து, திரும்பிப் பார்க்காமல், ஒரே கையால் கயிற்றை எடுங்கள். இரண்டு பக்கமும் செய்யுங்கள். இழுக்கவே முடியவில்லை என்றால் கோளாறு கிளீட்டில் இல்லை, கப்பியில்: பாரத்தை மூன்றாகவோ நான்காகவோ பங்கிடும்படி 3க்கு 1 அல்லது 4க்கு 1 என்று கப்பி போட்டால் கைக்கு வருகிற பாரம் குறையும்.

கிளீட்டைப் பொருத்த மரத் திருகாணி வேண்டாம். போல்ட்டை ஊடுருவ விட்டு, அடியில் அகலமான வாஷர் போட்டு, துளைக்கு சீலன்ட் பூசுங்கள். சின்னக் கிளீட்டுக்குத் துளை இடைவெளி 27 மில்லிமீட்டர், பெரியதற்கு 38, பழையதை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். போன வாரம் கழற்றிய ஒன்றில் கேம் இரண்டும் வெள்ளை உப்புப் படிந்து பாதி திறந்தபடியே நின்றன, விரலால் தள்ளினாலும் திரும்பவில்லை. கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கிரீஸ் தடவாதீர்கள், மணலைப் பிடித்துவைக்கும்.

அப்புறம், பிள்ளைகள் ஓட்டுகிற படகில் மெயின்ஷீட்டுக்கு நான் கிளீட்டே வைப்பதில்லை. ஒரு பக்கம் மட்டுமே சுழலுகிற ராட்செட் கப்பி போட்டால் கைவலி குறையும், கயிறு எப்போதும் பிள்ளையின் கையிலேயே இருக்கும்.