மல்ரிபிளெக்சர்: தெரிவாளி

நுண்கட்டுப்படுத்தியில் (ஒரே சில்லில் அமைந்த சிறு கணினியில்) தரவைப் பிற்றுப் பிற்றாக அனுப்பிப் பெறும் தொடர்முறைத் தரவுத்துறை ஒன்றே இருக்க, அதனோடு ஜி.பி.எஸ். வாங்கி, ஜி.எஸ்.எம். மோடம் போன்ற பல கருவிகள் பேசவேண்டி வரும்போது, இடையில் நின்று ஒரு நேரத்தில் ஒரு கருவியை மட்டும் துறையோடு இணைக்கும் சில்லை மல்ரிபிளெக்சர் என்கிறோம். ஆர்டுயினோ ஊனோ பலகையிலுள்ள ஏரிமெகா328பி என்னும் நுண்கட்டுப்படுத்தி, வன்பொருள் தொடர்துறை ஒன்றை மட்டுமே உடையது என்பதால், யாழ்ப்பாணத்தில் அப்பலகையோடு பழகும் மாணவருக்கு இச்சொல் விரைவிலேயே அறிமுகமாகிவிடும்.

சொல்லின் வேர் இலத்தீன் மொழியிலுள்ளது. பல எனப் பொருள்படும் ‘மல்ரி’யும், மடித்தல் என்னும் வினையோடு உறவுடைய ‘பிளெக்ஸ்’ என்னும் ஈறும் சேர்ந்து ‘பல மடிப்புடையது’ என்னும் பொருளைத் தந்தன. தந்தித்துறையில் அது ஒரே கம்பியைப் பல செய்திகளுக்குப் பங்கிடும் முறையைக் குறித்தது. பிரான்சில் எமில் போடோ 1874இல் காப்புரிமை பெற்ற முறையில், சுழலும் பகிர்கருவி ஒன்று இயக்குநர் பலருக்கும் கம்பியை முறைவைத்துக் கொடுத்தது.

தமிழில் ‘மடி’ என்பதும் மடிப்பு, மடங்கு என இரு பொருளும் தருவதால், ‘பன்மடி’ வேருக்கு மிக நெருங்கியதே. ஆயினும் கருவி செய்யும் வேலையை அது சொல்லவில்லை. ‘பல்சேர்ப்பி’ என்றால் வேலையே மாறிவிடுகிறது. கோப்பாய்த் தோட்டத்தில் ஒரு வாய்க்கால் நீரை வரம்பு வெட்டியும் அடைத்தும் பாத்திக்குப் பாத்தி மாற்றிவிடுபவர் பாத்திகளை ஒன்றுசேர்ப்பதில்லை. எந்தப் பாத்திக்கு இப்போது நீர் என்பதையே தெரிவுசெய்கிறார். நமது விஞ்ஞானப் பாடநூல்கள் சுவிச்சை ‘ஆளி’ என வழங்குவதால், தெரிவு, ஆளி என்னும் இரண்டையும் புணர்த்தித் ‘தெரிவாளி’ என்பதே பொருத்தமெனக் கருதுகிறேன். அறிவாளி, தொழிலாளி போல அதை ஓர் ஆளின் பெயராக எவரேனும் வாசித்தாலும் பொருள் கெடாது.

74எச்.சி.4052 என்னும் சில்லை எடுத்துக்கொண்டால் இப்பெயரின் வசதி புலப்படும். அதனுள் நால்வழி ஆளிகள் இரண்டு உள்ளன. ஒன்றை அனுப்பும் கம்பிக்கும் மற்றதைப் பெறும் கம்பிக்கும் கொடுத்து, இரண்டு தெரிவு முனைகளால் நான்கு கருவிகளில் ஒன்றை அழைக்கலாம். அனுப்பும் பக்கத்தில் ஒன்று பலவற்றுக்குப் பிரிகிறது, பெறும் பக்கத்தில் பலவற்றுள் ஒன்று உள்ளே வருகிறது. ஆங்கிலம் இவற்றுக்கு மல்ரிபிளெக்சர், டீமல்ரிபிளெக்சர் என இரு பெயர் வைத்திருக்க, இருதிசையிலும் கடத்தும் இச்சில்லுக்குத் தெரிவாளி என்னும் ஒரு பெயரே போதும்.

தெரிவுசெய்யப்படாத கருவி அந்நேரத்தில் அனுப்பும் தரவு எங்கும் சேமிக்கப்படாது, இழக்கப்படும்; எனவே கேட்டால் மட்டும் விடையளிக்கும் கருவிகளுக்கே இவ்வமைப்பு நன்கு ஒத்துவரும். தொடர்கம்பி ஓய்வில் உயர்நிலையில் இருக்கவேண்டுமாதலால், விலக்கப்பட்ட கருவியின் பெறும் முனையை உயர்நிலைக்கு இழுக்கும் தடையி ஒன்று தேவை. இல்லாவிடின் அந்தரத்தில் நிற்கும் அம்முனை இரைச்சலை, பைற்று ஒன்று வரப்போவதை அறிவிக்கும் தொடக்கப் பிற்று என எண்ணிக்கொள்ளும். செக்கனுக்கு 9600 பிற்று வேகத்தில், தொடக்க, நிறுத்தப் பிற்றுகளோடு ஒரு பைற்று செல்ல ஏறத்தாழ 1.04 மில்லிசெக்கன் ஆவதால், கடைசிப் பைற்று முழுதும் வெளியேறிய பின்னரே தெரிவு முனைகளை மாற்றவேண்டும்.

வழிகளின் தொகையை முன்னொட்டி 4052ஐ இரட்டை நால்வழித் தெரிவாளி என்றும், மூன்று தெரிவு முனைகளையுடைய 4051ஐ எண்வழித் தெரிவாளி என்றும் எழுதலாம்.