ஹார்ட்டெயில்: வாலை விடுங்கள், வில்லைப் பாருங்கள்

கட்டுப்படியாகிற விலையில் ஒரு மின்சைக்கிள் வாங்கினால் அலுவலகத்துக்கும் போகலாம், லீவு நாளில் ஏரிக்கரை மண்பாதையிலும் ஓட்டலாம் என்று தேடத் தொடங்குகிறவரை, விவரக் குறிப்பில் தடுக்கி நிறுத்தும் சொல் 'ஹார்ட்டெயில்'. கடைக்காரரிடம் கேட்டால் "முன்னாடி மட்டும் ஷாக் இருக்கும் சார்" என்பார். அதைவிடச் சுருக்கமாக விளக்க முடியாது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கில் ஷாக், அதாவது குலுக்கலை வாங்கிக்கொள்ளும் ஷாக் அப்சார்பர், உண்டு. பின்சக்கரமோ ஃபிரேமோடு இறுகப் பொருந்தியிருக்கும், மேலும் கீழும் அசையாது. இரண்டு பக்கமும் ஷாக் இருந்தால் 'ஃபுல் சஸ்பென்ஷன்', கடைப் பேச்சில் 'டபுள் ஷாக்'. இரண்டு பக்கமும் இல்லாவிட்டால் 'ரிஜிட்'. நம் அப்பாக்கள் ஓட்டிய பழைய 22 இஞ்ச் சைக்கிள் இந்தக் கடைசி ரகம். அதில் அதிர்வைத் தாங்கியது சீட்டுக்கு அடியில் இருந்த இரண்டு சுருள்கம்பிகள் மட்டும்தான்.

சொல்லைப் பிரித்தால் 'ஹார்ட்' கடினம், 'டெயில்' வால். வண்டியின் பின்பாதியை வால் என்று சொல்வது ஆங்கில வழக்கம். பின்பக்கம் விட்டுக்கொடுக்காத வண்டி என்பதால் இந்தப் பெயர். (இதே பெயரில் ஒரு மீனும் உண்டு. பாரைக் குடும்பத்தைச் சேர்ந்தது, வாலோரத்தில் கெட்டியான செதில்கள் வரிசையாக இருக்கும். சைக்கிளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.)

சைக்கிள்காரர்கள் இந்தச் சொல்லை மோட்டார் சைக்கிள்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஹார்லி-டேவிட்சன் தன் பெரிய வண்டிகளில் 1949-ல் முன்பக்கம் ஹைட்ராலிக் போர்க் வைத்து அதற்கு ஹைட்ரா-கிளைடு என்று பெயரிட்டது. பின்பக்கத்துக்கும் ஷாக் வந்தது 1958-ல், டுவோ-கிளைடில். 'டுவோ' என்றால் இரண்டு, இரு முனையிலும் ஷாக் என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். அப்புறம் சாப்பர், அதாவது தன் ரசனைக்கு வெட்டி மாற்றிய மோட்டார் சைக்கிள், கட்டுகிறவர்கள் கிளம்பினார்கள். பின்பக்க ஷாக்கை வெட்டியெறிந்துவிட்டு, இறுகிய பின்ஃபிரேமை வெல்டிங் வைத்து, பழைய வண்டியின் ஒல்லியான நேர்க்கோட்டைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். முதுகு வலித்தாலும் பார்க்க அழகு. அந்த வெட்டி ஒட்டிய பின்பகுதிதான் ஹார்ட்டெயில். 1984-ல் ஹார்லியே 'சாஃப்டெயில்' என்று ஒரு வண்டி விட்டது. பார்வைக்கு ஷாக் இல்லாதது போல இருக்கும், ஆனால் அடியில் ஒளித்து வைத்திருப்பார்கள்.

மலைச் சைக்கிளின் கதை கலிஃபோர்னியாவில், மரின் கவுன்ட்டியில் தொடங்குகிறது. 1970-களில் அங்கே சிலர் பழைய பருமன் டயர் சைக்கிள்களைத் தட்டிக்கொட்டி மலைப்பாதையில் இறக்கினார்கள். 1976 முதல் அவர்கள் நடத்திய இறக்கப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். ஒருமுறை கீழே வந்து சேர்வதற்குள் பின்பிரேக்குக்குள் இருந்த கிரீஸ் எல்லாம் எரிந்து புகைந்துவிடும், மறுபடி அடைக்க வேண்டும். அதுதான் பெயர்க் காரணம். அந்த வண்டிகளில் எந்தப் பக்கமும் ஷாக் கிடையாது. பால் டர்னர் தொடங்கிய ராக்ஷாக்ஸ் நிறுவனத்தின் ஆர்எஸ்-1 போர்க், 1990-ஐ ஒட்டிச் சந்தைக்கு வந்த பிறகுதான் முன்பக்கம் மெத்தென்று ஆனது. அந்த போர்க்கின் அசைவு மொத்தமே 5 செ.மீ.க்குக் குறைவு.

இங்கே கவனிக்க வேண்டியது, முன்பக்க ஷாக் வந்த உடனேயே ஹார்ட்டெயில் என்ற பெயர் தேவைப்படவில்லை என்பதுதான். பின்பக்கத்துக்கும் ஷாக் வைத்த சைக்கிள்கள் 1990-களில் பெருகிய பிறகே, வைக்காததற்குத் தனிப் பெயர் வேண்டியிருந்தது. பிராய்லர் வந்த பிறகு வெறும் கோழி 'நாட்டுக்கோழி' ஆன கதைதான். பழசுக்கு, புதுசு வந்த பிறகு வைத்த பெயர் அது. அதனால்தான் தன்னிடம் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாமல் என்ன இல்லை என்பதையே சொல்கிறது.

சரி, டபுள் ஷாக் வந்தும் ஹார்ட்டெயில் ஏன் ஒழியவில்லை? முதல் காரணம் விலை. பின்ஷாக் என்றால் ஷாக் மட்டுமில்லை. அசையும் கை, அதன் மூட்டுகள், ஒவ்வொரு மூட்டுக்கும் பேரிங், அத்தனைக்கும் பராமரிப்பு. குறைந்த விலையில் இதையெல்லாம் அடக்கினால் மட்டமான ஷாக்தான் வரும். மிதிக்கும்போதெல்லாம் வண்டி ஊஞ்சலாடும், காலின் உழைப்பு அதிலேயே போகும். அலுவலகம் போகிறவருக்கு கேரியர் வேண்டும், மட்கார்டு வேண்டும். அசையாத பின்ஃபிரேமில் அவற்றைத் திருகி மாட்டுவது எளிது. ஃபிரேமின் நடுமுக்கோணத்தில் ஷாக் குறுக்கிடாததால் பேட்டரி வைக்கவும் இடம் தாராளம்.

ஆனால் மின்சைக்கிளில் ஒரு சங்கடம் உண்டு, விளம்பரத்தில் அதைச் சொல்ல மாட்டார்கள். விலை குறைந்த வண்டிகளில் மோட்டார் பெரும்பாலும் பின்சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும். ஷாக் இல்லாத சக்கரத்தில்தான் கனமும் கூடுதல். வேகத்தடையில் ஏறும்போது முன்பக்கம் மெதுவாக அமுங்கி எழும். அடுத்த நொடி பின்பக்கம் 'டொக்'கென்று மோதும். அந்த அடி முழுக்க டியூபுக்கும் ஸ்போக்குக்கும் போகிறது. காற்று குறைவாக இருந்தால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அதனால் இந்த வண்டியில் பின்டயர் அகலமாக இருப்பது நல்லது. மேடு வந்தால் சீட்டிலிருந்து லேசாக எழுந்து முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டும். ஹார்ட்டெயிலில் பின்ஷாக் ஓட்டுகிறவரின் கால்கள்தான்.

இனி தமிழ்ச் சொல். 'வன்பொருள்', 'வன்தட்டு' பாணியில் 'வன்வால் மிதிவண்டி' என்று எழுதிவிடலாம். எனக்கு அது ஒட்டவில்லை. விமானத்துக்கு வால் உண்டு என்கிறோம், சைக்கிளுக்கு அப்படிச் சொல்லும் வழக்கம் தமிழில் இல்லை. தெருவில் 'வால்' என்றால் குறும்புக்காரப் பையன். 'பின்னதிர்வேற்பியற்ற மிதிவண்டி' என்றால் பொருள் சரி, ஆனால் சொல்லி முடிப்பதற்குள் வண்டி போய்விடும். சஸ்பென்ஷனுக்கு 'தொங்கல்' என்று நேராக மொழிபெயர்ப்பதும் உதவாது. பழைய ஐரோப்பியக் கோச்சு வண்டிகளில் பெட்டியைத் தோல்வாரில் தொங்கவிட்டிருந்ததால் ஆங்கிலத்தில் அந்தச் சொல் நின்றது. நமக்குத் தொங்கல் என்றதும் வேதியியல் பாடம்தான் நினைவுக்கு வரும்.

நம்மிடம் வேறு ஒரு சொல் தயாராக இருக்கிறது: வில்வண்டி. சுமை ஏற்ற கட்டைவண்டி, மனிதர் ஏறிப்போக வில்வண்டி என்று மாட்டுவண்டிகளையே பிரித்து வைத்திருந்தார்கள். கட்டைவண்டியில் அச்சின் குலுக்கல் அப்படியே உட்கார்ந்திருப்பவர் இடுப்புக்கு வரும். வில்வண்டியில் அச்சுக்கும் வண்டிக்கும் நடுவே வில்லாக வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள், அது குலுக்கலை வாங்கிக்கொள்ளும். ஆக சஸ்பென்ஷன் உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் தமிழில் முன்பே பெயர் இருந்திருக்கிறது. பள்ளிக்கூட இயற்பியலில் 'சுருள்வில்' என்ற சொல்லும் பழகியதே.

எனவே என் பரிந்துரை: ஹார்ட்டெயிலுக்கு 'முன்வில் மிதிவண்டி', ஃபுல் சஸ்பென்ஷனுக்கு 'இருவில் மிதிவண்டி', ரிஜிட்டுக்கு 'கட்டை மிதிவண்டி' அல்லது 'வில்லில்லா மிதிவண்டி'. ஆங்கிலப் பெயர் இல்லாததைச் சொல்கிறது, இது இருப்பதைச் சொல்கிறது. கடைக்காரர் சொன்ன "முன்னாடி மட்டும் ஷாக்" என்பதும் இதே பொருள்தான். விலை கூடிய போர்க்குகளில் சுருள்கம்பி இருக்காதே, காற்றுதானே வேலை செய்கிறது, அதை வில் எனலாமா என்று ஒருவர் கேட்கலாம். அமுங்கித் திரும்ப எழுவது எதுவோ அது வில்தான். ஆங்கிலத்திலும் அதைக் காற்று ஸ்பிரிங் என்றே சொல்கிறார்கள். 'காற்றுவில்' என்று நாமும் சொல்லலாம்.

மற்ற உறுப்புகளுக்கும் வண்டிப் பட்டறைப் பக்கம் போனால் சொல் கிடைக்கும். போர்க்குக்கு 'கவை', கிளை இரண்டாகப் பிரியும் இடம். சக்கரத்தின் நடுப்பகுதிக்கு 'குடம்', ஆகவே ஹப் மோட்டாரைக் 'குட மோட்டார்' என்று தயங்காமல் எழுதலாம். மலைச் சைக்கிள்காரர்களின் 'சிங்கிள்டிராக்' நம் ஒற்றையடிப்பாதை, 'டபுள்டிராக்' வண்டித்தடம். விலை குறைந்த முன்வில் வண்டிக்கு வண்டித்தடமும் மேடுபள்ளம் குறைந்த ஒற்றையடிப்பாதையும் ஒத்துவரும், பாறைப் படிக்கட்டு ஒத்துவராது.

மோட்டார் சேர்ந்தால் 'முன்வில் மின்மிதிவண்டி', பேச்சில் 'முன்வில் பேட்டரி சைக்கிள்'. இந்திய மோட்டார் வாகன விதிகளின்படி மோட்டாரின் 30 நிமிடத் திறன் (அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறன்) 250 வாட்டுக்குக் குறைவாக இருந்து, வேகம் மணிக்கு 25 கி.மீ.யை எட்டினாலோ மிதிப்பதை நிறுத்தினாலோ உதவி தானாக நின்றுவிட்டால், அது மோட்டார் வாகனம் ஆகாது. பதிவும் வேண்டாம், லைசென்சும் வேண்டாம். அதற்கு மேல் திறன் உள்ள வண்டி, பெடல் இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் மிதிவண்டி ஆகாது. 'முன்வில்' என்ற முன்னொட்டு அதற்கும் பொருந்தும், 'மிதிவண்டி' என்ற பாதி பொருந்தாது.