ஸ்மக்லர்: சினிமாவில் ஒரு கடத்தல்காரர்

செய்தித்தாளில் ஸ்மக்லர் என்றால் தங்கம் கடத்தியவர். சினிமாப் பேச்சில் இந்தச் சொல் ஒருவகை இயக்குநரைக் குறிக்கும். தான் பார்த்து வளர்ந்த அமெரிக்கப் படங்களைப் பற்றி ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசி, மைக்கேல் ஹென்றி வில்சனோடு சேர்ந்து எடுத்த ஆவணப்படம் 1995-இல் வந்தது. ஏறத்தாழ நாலு மணி நேரம். அதில் இயக்குநர்களைக் கதைசொல்லி, மாயவித்தைக்காரர், ஸ்மக்லர், மரபை உடைப்பவர் என்று நாலு விதமாகப் பார்க்கிறார். அந்த நாலில் என் மனத்தில் தங்கிவிட்டது மூன்றாவதுதான்.

டச்சு, கீழ் ஜெர்மன் பேச்சிலிருந்து 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. சுங்கத்துக்குத் தெரியாமல் சரக்கைக் கொண்டுபோகிறவர் என்று பொருள். ஹாலிவுட்டில் இரண்டு சுங்கச்சாவடிகள் இருந்தன: ஒன்று ஸ்டூடியோ, அப்புறம் 1934 முதல் 1968 வரை படங்களைக் கட்டிப்போட்ட தணிக்கை விதிகள். கேட்ட படத்தையே எடுத்துக்கொடுத்து, அதற்குள் தன் சொந்தச் சரக்கையும் வைத்து அனுப்பியவர் ஸ்மக்லர்.

1942-இல் வந்த ‘கேட் பீப்பிள்’ படத்தைப் பாருங்கள். ஆர்கேஓ நிறுவனம் தலைப்பை மட்டும் கொடுத்து, குறைந்த செலவில் ஒரு பயமுறுத்தும் படம் கேட்டது. தயாரிப்பாளர் வால் லூட்டன், இயக்குநர் ஜாக் டூர்னர். நீச்சல்குளக் காட்சியில் விலங்கு கண்ணில் படுவதே இல்லை. சுவரில் அசையும் நிழல், ஓர் உறுமல், தண்ணீரில் தனியாக ஒரு பெண், அவ்வளவுதான். கணவன் முத்தமிட்டால் சிறுத்தையாகிவிடுவோம் என்று அஞ்சும் ஒரு மனைவியின் கதை அது. தாம்பத்தியத்தைக் கண்டு நடுங்கும் மனத்தை அன்று வேறு எந்தப் பெயரில் காட்டியிருக்க முடியும்?

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘கட’ என்பதன் பிறவினை ‘கடத்து’: எல்லையைக் கடக்கச் செய்வது. பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் ஆளைத் தூக்கிக்கொண்டு போவதற்கும் நாம் ‘கடத்தல்’ என்றே சொல்கிறோம். ஆகவே ‘கடத்தல்கார இயக்குநர்’ என்று மொட்டையாக எழுதினால் குழப்பம் வரும். எழுத்துகளை வைத்து விளையாடும் பழைய செய்யுள் வகையான சித்திரகவியில் கரந்துறை செய்யுள் என்று ஒன்று உண்டு: ஒரு செய்யுளின் எழுத்துகளைப் பொறுக்கிக் கோத்தால் இன்னொரு செய்யுள் கிடைக்கும். பாட்டுக்குள் மறைந்திருக்கும் பொருளைச் சொல்லும் உள்ளுறை என்ற சொல்லும் இருக்கிறது. ஆனால் அதில் ஒளித்துவைக்கும் வேலை அவ்வளவாகத் தெரிவதில்லை. கரந்து உறைவது என்றால் ஒளிந்து தங்குவது. எனவே இப்படிப்பட்ட படத்தைக் ‘கரந்துறை படம்’ என்பேன். எடுத்தவரைக் ‘கள்ளக்கடத்தல்காரர்’ என்றே விட்டுவிடலாம். பிடிபடும் ஆபத்து அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

டக்ளஸ் சர்க் எடுத்த ‘ஆல் தட் ஹெவன் அலோஸ்’ (1955) அப்படியொரு கரந்துறை படம். மேலே பார்த்தால் பளபளப்பான வண்ணத்தில் ஒரு குடும்பக் கண்ணீர்க் கதை. ஒரு விதவை தன்னைவிட இளையவனான தோட்டக்காரனை விரும்புகிறாள். பிள்ளைகள் எதிர்க்க, அவனை விட்டுவிடுகிறாள். கிறிஸ்துமஸுக்கு அவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வருகிறது. இருண்ட அந்தத் திரையில் தெரிவது அவளுடைய முகம் மட்டும்.