சட் பூஜை: சாத்தும் இல்லை, சத்தும் இல்லை

தீபாவளி முடிந்து ஒரு வாரம் ஆவதற்குள் செய்திகளில் இந்தச் சொல் தலைகாட்டும். தலைப்பில் 'சாத் பூஜை', உள்ளே 'சத் பூஜை', படத்துக்குக் கீழே 'சட் பூஜை'. மூன்றும் ஒன்றுதான்: பீகார், ஜார்க்கண்ட், கிழக்கு உத்தரப் பிரதேசம், நேபாளத்தின் தராய்ப் பகுதி மக்கள் ஆற்றிலும் குளத்திலும் இறங்கி நின்று சூரியனைக் கும்பிடும் நோன்பு. திருப்பூரிலும் கோவையிலும் வேலை பார்க்கும் பீகார்க்காரர்கள் ரயிலில் நிற்க இடமில்லாவிட்டாலும் ஊருக்குக் கிளம்புவது இதற்காகத்தான்.

குழப்பத்துக்குக் காரணம் ஆங்கில எழுத்து. அதில் 'டிஎச்' என்று முடிவதைப் பார்த்ததும் நம் கை தானாகத் 'த்' போட்டுவிடுகிறது. இந்தியில் அது டகரத்தின் அழுத்தமான ஒலி. முதலெழுத்தும் குறில்தான், நெடில் இல்லை. ஆகவே 'சட்' என்பதே ஒலிக்கு நெருக்கம். 'சத்' என்று எழுதினால் வேறு வம்பு: சத்சங்கத்தில் வரும் 'சத்' என்று வாசிப்பவர் நினைத்துக்கொள்வார்.

சரி, சட் என்றால் என்ன? ஆறாவது. வடமொழி 'ஷஷ்டி', பழங்காலப் பேச்சுமொழியான பிராகிருதத்தில் 'சட்டி' ஆனது. கடைசி உயிர் தேய்ந்து 'சட்' ஆனது. 'ராத்திரி' இந்தியில் 'ராத்' ஆனதும் இப்படித்தான். இதில் எனக்குப் பிடித்த விஷயம், தமிழும் தன் வழியில் நடந்து ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்திருப்பது. வடசொல்லின் ஷகரம் தமிழில் முதலில் வந்தால் சகரம், இடையில் வந்தால் டகரம். ஷண்முகன் சண்முகன் ஆனார், விஷம் விடம் ஆனது, ஷஷ்டி 'சட்டி' ஆனது. இலங்கையில் இன்றும் 'கந்தசட்டி' என்றே எழுதுகிறார்கள்.

ஒற்றுமை சொல்லோடு நிற்கவில்லை. தீபாவளி அமாவாசைக்கு அடுத்த வளர்பிறைச் சஷ்டிதான் சட் பூஜைக்கும் நம் கந்தசஷ்டிக்கும் நாள். திதிக் கணக்கில் சில ஆண்டு ஒரு நாள் முன்பின் ஆகலாம். 2025 அக்டோபர் 27 மாலை திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்ஹாரம் நடந்தது. அதே மாலை பாட்னாவின் கங்கைப் படித்துறைகளில் இடுப்பளவு நீரில் நின்று மறையும் சூரியனுக்கு அர்க்கியம், அதாவது நீர்ப்படையல், விட்டார்கள். அங்கே சூரியனோடு சேர்த்து வணங்கப்படும் 'சட்டி மையா', அதாவது சட்டித் தாய், பிள்ளைகளைக் காக்கிற தெய்வம். முருகனின் மனைவி தேவசேனைக்கு ஷஷ்டி என்றும் பெயர் உண்டு என்கிறது மகாபாரதத்தின் வன பர்வம். நம் தெய்வானைதான் அந்தத் தேவசேனை!

நோன்பு நான்கு நாள். முதல் நாள் 'நஹாய் காய்', குளித்துவிட்டுச் சாப்பிடுவது: சோறு, கடலைப்பருப்பு, சுரைக்காய். இரண்டாம் நாள் மாலை வெல்லப் பாயசமும் ரொட்டியும். அதற்கப்புறம் சுமார் 36 மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. மூன்றாம் நாள் மறையும் சூரியன், நான்காம் நாள் உதிக்கும் சூரியன். பழந்தமிழில் மறையும் சூரியனுக்குப் 'படுஞாயிறு' என்ற அழகான பெயர் இருக்கிறது. அதைக் கும்பிடும் பெரிய பண்டிகை வேறெதுவும் என் நினைவுக்கு வரவில்லை.

படையலை வைத்து ஏந்துவது 'சூப்'. குடிக்கிற சூப் இல்லை, மூங்கில் முறம். தெற்குச் சீமையில் சுளகு. 'சூர்ப்பம்' என்ற வடசொல்லின் தேய்வு இது. முறம் போன்ற நகம் உடையவள் என்பதால்தானே அவள் சூர்ப்பணகை! அந்த முறத்தில் கரும்பு, வாழைப்பழம், தேங்காய், அப்புறம் 'டேக்குவா'. கோதுமை மாவை வெல்லப்பாகிலும் நெய்யிலும் பிசைந்து, இலை வடிவம் செதுக்கிய மர அச்சில் அழுத்திப் பொரித்தெடுப்பது. அதிரசத்துக்குத் தூரத்து உறவு, கடித்தால் கொஞ்சம் கெட்டி.

தமிழில் என்ன சொல்லலாம்? 'பூஜை' எனக்கு ஒட்டவில்லை. புரோகிதர் இல்லாமலே பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் நடத்துவது இது. பட்டினிதான் இதன் உயிர். அதற்கு 'நோன்பு' என்ற சொல் கைவசம் இருக்கிறது. மூன்றாம் பிறை என்கிறோமே, அதே போக்கில் 'ஆறாம்பிறை நோன்பு' என்றால் அச்சாகப் பொருந்தும். செய்தியில் பெயராக எழுதும்போது 'சட் பூஜை' இருக்கட்டும். விளக்கிச் சொல்லும்போது 'சட்டி நோன்பு' போதும்.

சட்டி என்றால் பாத்திரம் ஞாபகத்துக்கு வராதா என்று கேட்கலாம். வரும்தான். 'சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்' என்ற சமையலறைப் பழமொழிக்கே, சஷ்டியில் விரதம் இருந்தால் அகப்பையில், அதாவது கருப்பையில், பிள்ளை வரும் என்று பொருள் சொல்பவர்களும் நம்மிடையே உண்டு. பிள்ளை வரம் கேட்டுக் கங்கையில் நிற்கும் பீகார்ப் பெண்ணுக்கு இதை விளக்கிச் சொன்னால் அவளுக்கும் சிரிப்பு வரும்.