வெடக்கோழியும் பிராய்லரும்

தை மாதம் சம்பா அறுத்துக் களத்துமேட்டில் நெல் தூற்றும்போது கோழிக்கென்று தனித் தீனி வேண்டாம். சிந்தியதைப் பொறுக்கும், வைக்கோலைக் கிளறிப் புழு தின்னும், பொழுது சாய்ந்தால் பஞ்சாரத்தில் அடையும். தஞ்சாவூர், திருவாரூர்க் கிராமங்களில் அதை அடித்துக் குழம்பு வைக்க மாப்பிள்ளை வர வேண்டும், அல்லது குலசாமிக்குப் படையல் இருக்க வேண்டும். இன்று மன்னார்குடிக் கறிக்கடையில் சாதாரண ஞாயிற்றுக்கிழமையிலேயே "ஒரு கிலோ, தோலை உரிச்சுடுங்கண்ணே" என்கிறோம்.

விசேஷத்துக்கு அடித்தது வாராவாரம் வாங்குவதாக மாறியதற்கு முக்கியக் காரணம் பிராய்லரின் வேகம். நாட்டுக்கோழி ஒன்றரைக் கிலோ தேற ஐந்தாறு மாதம் ஆகும். பிராய்லர் சுமார் 40 நாளில் இரண்டு கிலோவைத் தொடும். "எல்லாம் ஹார்மோன் ஊசி" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது சரியல்ல. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீனியில் கலந்தால் குடலிலேயே செரித்துப்போகும். ஆயிரக்கணக்கான கோழிகளுக்குத் திரும்பத் திரும்ப ஊசி போடுவதோ கட்டுப்படியாகாது.

வேகம் மரபணுவில் இருக்கிறது. கார்னிஷ், வெள்ளை பிளைமவுத் ராக் இனங்களைக் கலந்து, தலைமுறைதோறும் வேகமாய் வளர்ந்தவற்றையே தாய்க்கோழிகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005ஆம் ஆண்டு வம்சங்களை ஒன்றாக வளர்த்து ஒரே தீனியைக் கொடுத்தார்கள். 56ஆம் நாளில் எடை 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம்! தீனி ஒன்றுதான், உடம்புதான் வேறு. அந்த உடம்புக்குள் இதயமும் காலும் தசையின் வேகத்துக்கு ஈடுகொடுக்கத் திணறுகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹார்மோனைவிட நாம் கவலைப்பட வேண்டியது பண்ணைகளில் கொடுக்கும் ஆன்டிபயாடிக் பற்றித்தான். மற்ற ஆன்டிபயாடிக்குகள் பலிக்காதபோது மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமான கோலிஸ்டினைக் கால்நடைகளுக்குக் கொடுக்க 2019இல் இந்திய அரசு தடை விதித்தது.

ருசி வேறுபடுவதற்கும் வயதுதான் பெரும் காரணம். தசைநார்களைக் கட்டி வைத்திருப்பது கொலாஜன். வயது ஏற ஏற அதன் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும். முட்டையிடத் தொடங்காத வெடக்கோழிதான் பிஞ்சுக் கறி என்று நம் பாட்டிகள் தேடி எடுத்தது இதனால்தான். ஓடித் திரிந்த காலில் மயோகுளோபின் என்ற நிறமி கூடுவதால் நாட்டுக்கோழித் தொடை கருஞ்சிவப்பாக இருக்கும். முற்றிய கோழியை நிதானமாகக் கொதிக்கவிட்டால் கொலாஜன் கரைந்து ஜெலட்டின் ஆகும். உதட்டில் ஒட்டுகிற அந்தக் குழம்பின் பிசுபிசுப்பு அதுதான்.

40 நாள் கோழியில் கரைக்க அவ்வளவு பிணைப்பு கிடையாது. அதையும் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் நார்நாராய்ப் பிரிந்துவிடும். மசாலா பச்சை வாடை போய்க் கொதித்த பிறகு கறியைப் போட்டு, இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் இறக்கிவிடுங்கள்.