நெகிழி நுண்ணோக்கியா, வளையும் அகநோக்கியா?

பித்தநீர் குடலுக்குப் போகும் குழாயான பித்தநாளத்தில் உள்ள கல்லுக்கு மதுரையில் அறுவை சிகிச்சை முடித்து மண்டபம், கீழக்கரைப் பக்கம் திரும்புகிறவர்கள் கொண்டுவரும் மருத்துவமனைத் தமிழ்த் தாள்களில் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படுகிறது: 'நெகிழி நுண்ணோக்கி மூலம் பித்தநாளம் பரிசோதிக்கப்பட்டது.' இரண்டு சொல்லும் பிழை.

மூலச் சொல் எண்டோஸ்கோப். கிரேக்கத்தில் 'எண்டோன்' என்றால் உள்ளே, 'ஸ்கோபெய்ன்' என்றால் பார்த்தல். 1853இல் பிரெஞ்சு மருத்துவர் டெசோர்மோ தம் கருவிக்கு இட்ட பெயர். பித்தநாளத்துக்கென்று உள்ளது கொலெடோகோஸ்கோப், 'கொலே' பித்தம்.

நெகிழி என்றால் இன்று பிளாஸ்டிக். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்ததிலிருந்து பலகைக்குப் பலகை அந்தச் சொல்தான். தாளை வாசித்த ஒரு அக்கா, "அண்ணே, வயித்துக்குள்ள பிளாஸ்டிக் எதையும் வச்சுத் தச்சுட்டாங்களா?" என்று பயந்துபோய்க் கேட்டார். அவர் வாசித்ததில் தவறே இல்லை. எழுதியவர் 'ஃபிளெக்ஸிபிள்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் 'நெகிழ்' என்று பார்த்து ஓர் இகரத்தைச் சேர்த்துவிட்டார். 'வளையும்' என்ற நல்ல சொல் இருக்கும்போது இது எதற்கு?

நுண்ணோக்கி இன்னும் மோசம். அது மைக்ரோஸ்கோப், ரத்தத் துளியைக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பெருக்கிப் பார்ப்பது. இங்கே மெல்லியது கருவி. பார்க்கும் பொருள் அல்ல. நாளத்தில் சிறு துளையிட்டோ பித்தப்பைக் குழாய் வழியாகவோ அதை நுழைத்து, உப்புநீரை ஓடவிட்டு, வெளிச்சத்தில் நேராகப் பார்க்கிறார்கள். கல் மிச்சம் இருந்தால் கம்பிக் கூடையை அதன் வழியே விட்டு, பரிவலைக்குள் மீனை மடக்குவதுபோல் மடக்கி இழுக்கிறார்கள். கணையத்தில் நாளத்துக்குள்ளேயே பரவும் கட்டி என்றால், எதுவரை பரவியிருக்கிறது, எந்த இடத்தில் வெட்டலாம் என்று முடிவுசெய்ய அறுவையின் நடுவிலேயே முதன்மை நாளத்துக்குள் விட்டுப் பார்ப்பதும் உண்டு.

சரி, 'உள்நோக்கி' என்று எழுதலாமே என்பார்கள். 'குழாயை உள்நோக்கிச் செலுத்தினர்' என்ற வரியில் அது கருவியா திசையா? பக்கத்திலேயே 'உள்நோக்கம்' வேறு நிற்கிறது. அதற்குக் கெட்ட எண்ணம் என்ற பொருள் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதனால் அகநோக்கி என்பதே என் தேர்வு. அகம் என்பதும் உள்தான், குழப்பமும் இல்லை.

தனித்தமிழ் எனக்கும் பிடிக்கும். ஆனால் நோயாளி கையில் போகும் தாளுக்கு முதல் தேவை தெளிவு. அதை மொழிபெயர்ப்பவர்கள் சொல்லுக்குச் சொல் மாற்றிவிட்டு, கருவி என்ன செய்கிறது என்று ஒரு மருத்துவரிடம்கூடக் கேட்பதில்லை. அதற்கு 'எண்டோஸ்கோப்' என்றே விட்டிருந்தாலும் பாதகமில்லை. ஊரில் எல்லோருக்கும் அது தெரியும்.

அந்த வரியை இப்படி எழுதலாம்: 'வளையும் மெல்லிய அகநோக்கியைப் பித்தநாளத்துக்குள் விட்டுப் பார்த்தோம், கல் மிச்சமில்லை.' கணையத்துக்குக் கணையநாள அகநோக்கி.