வாட்ச்சில் 86 என்று காட்டினால்…

பல வருஷம் பீடி குடித்தவர்கள், விறகடுப்புப் புகையிலேயே காலம் தள்ளிய அம்மாக்கள்: சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வருவது பெரும்பாலும் இப்படித்தான். குடியாத்தம், பேரணாம்பட்டு வீடுகளிலும் இப்போது வெளியூர்ப் பிள்ளைகள் வாங்கித் தந்த ஸ்மார்ட் வாட்ச் கட்டிய கைகளைப் பார்க்கலாம். ராத்திரி அதில் ரத்த ஆக்சிஜன் 86 சதவீதம் என்று வந்தால் வீடே பதறிவிடும்.

ஆக்சிஜன் அளவுக்கு வாட்ச்சை நம்பாதீர்கள். மணிக்கட்டுத் தோலில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது. பட்டை தளர்ந்தாலோ, தூக்கத்தில் கை உடம்புக்கடியில் மாட்டிக்கொண்டாலோ எண் தவறாகக் குறையும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரே மேல். அதற்கும் பக்குவம் உண்டு. நெயில் பாலிஷ், அழுத்தமான மருதாணி இல்லாத விரலாகப் பாருங்கள். மார்கழிக் காலையில் விரல் சில்லிட்டிருக்கும். உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்குங்கள். 5 நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டு மாட்டுங்கள். முதலில் வரும் எண்ணை விட்டுவிட்டு, ஒரு நிமிஷம் கழித்து நிலைத்து நிற்பதை எழுதுங்கள். கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும். அதனால் எண் நன்றாக இருந்தும் இரைத்தால், இரைப்பைத்தான் நம்ப வேண்டும்.

வாட்ச் வீண் என்று சொல்லவில்லை. நடந்த அடிகளுக்கும் நாடித்துடிப்புக்கும் அது உருப்படியான சாமான். தினம் 4,000 அடி நடப்பவர் மூன்று நாளாக 2,000 தாண்டாமல், சும்மா இருக்கும்போதே துடிப்பும் 10, 15 கூடியிருந்தால் நோய் முற்றத் தொடங்கியிருக்கலாம். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியிருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் கட்டத்திலேயே ஆக்சிஜன், துடிப்பு, சளி நிறம், மூச்சுத் திணறும்போது இழுக்கும் இன்ஹேலர் பஃப் எத்தனை என்று நாலையும் குறித்துவையுங்கள்.

பெரிய ஆபத்து இன்னொன்று. வீட்டில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின்) இருந்தால், 90-ஐ 98 ஆக்க ஆசைப்பட்டு நிமிஷத்துக்கு 1 லிட்டரை 4 லிட்டராகத் திருப்பிவிடுகிறார்கள். கரியமில வாயு தேங்கும் தன்மையுள்ள சி.ஓ.பி.டி.காரர்களுக்கு 88 முதல் 92 வரை இருந்தால் போதும். அதற்குமேல் ஏற்றினால் அந்த வாயு ரத்தத்தில் சேரும். காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கக் கலக்கம், குழறல் என்று போகும். திரையிலோ 98! இந்த வாயுவை அளக்க வாட்ச்சுக்கும் தெரியாது, ஆக்சிமீட்டருக்கும் தெரியாது. உங்களுக்கு எத்தனை லிட்டர் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, மெஷின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

உதடு நீலம் பாரித்தாலோ, ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் மூச்சு நின்று நின்று வந்தாலோ, எழுப்பியும் விழிக்காமல் கிடந்தாலோ, கருவியைத் தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.